மெழுகு உருண்டை

தங்கச்சிமடம் கல்லறைத் தோட்டம்.
நவம்பர் இரண்டு. மழை இப்போதுதான் விட்டிருக்கிறது.
தண்ணீர் பாட்டிலை அறுத்துக் கவிழ்த்து
வாடைக்கு மறைப்புக் கட்டி
நான்காவது தீக்குச்சியில் பற்றவைத்தேன்.

எஸ்லின் குனிந்து
ஃபூ என்று ஊதி அணைத்துவிட்டுக் கைதட்டினாள்.
"அப்பாவுக்கு எத்தனை வயசு?"

முப்பத்தொன்று.
போன வருசமும் முப்பத்தொன்றுதான்.

உள்ளே அவர் இல்லை என்பதை
இன்னும் சொல்லவில்லை.
கோடுபோட்ட சட்டை ஒன்று,
வலையிலிருந்து அறுத்த இரண்டு மிதவை,
சாமியார் தெளித்த தீர்த்தம்.
அவ்வளவுதான் புதைத்தோம்.

பக்கத்துக் கல்லறைக்கு வந்த சவரியம்மா
"ஊதட்டும், விடு" என்று
தன் மெழுகுவர்த்தியையும் நீட்டினாள்.
அப்புறம் அதற்கடுத்த மரியதங்கம்.
வரிசையாக ஊதிக்கொண்டே போனாள் பிள்ளை,
பின்னாலேயே பற்றவைத்துக்கொண்டு நாங்கள்.

இருட்டியதும் பார்த்தால்
வழிந்த மெழுகையெல்லாம் சுரண்டி
எலுமிச்சை அளவுக்கு உருட்டி வைத்திருக்கிறாள்.
யார் யாருடையது என்று இனிப் பிரிக்க முடியாது.
மணல் ஒட்டியிருக்கிறது, ஒரு செவ்வந்தி இதழும்.

பாம்பன் பஸ்ஸில் கண்டக்டர் குனிந்து
"பாப்பா, கையில என்ன?" என்றார்.

"கேக்கு" என்றாள்.