எந்தத் தண்ணீர்

கிச்சிப்பாளையத்தில் மூன்றாம் நாள்.
சேறு காய்ந்து தகடு தகடாய்ப் பெயர்கிறது.
கம்பெனி அனுப்பிய சர்வேயர் நான்.
பையில் டேப், ஈரமானி, நீலப் பேனா.
வேலை இவ்வளவுதான்:
சுவரில் இருக்கும் தண்ணீர்
எங்கிருந்து வந்தது என்று எழுதுவது.

பூங்காவனம் வாசல் சேற்றை வட்டையில் அள்ளி
அரிசி போலக் களைந்துகொண்டிருந்தார்.
கொலுசில் பற்றவைக்க வாங்கிவைத்த சலங்கைகள்,
நாற்பது கிராம்.
வீட்டுப் பாலிசியில் தொழில் சரக்கு சேராது,
சொல்ல வாயெடுத்தேன்.
“தெரியும் சார். அத நானே தேடிக்கறேன்.”
இதுவரை இருபத்துமூன்று.

பிறகு அவராகவே கேட்டார்:
“ஏற்காட்டுல பேஞ்ச மழைக்கு
எங்க வீட்டு விலாசத்த யாரு சார் குடுத்தா?”

திருமணிமுத்தாறு என்று எழுதினேன்.
ஆறு ஏறினால் வெள்ளம். வெள்ளத்துக்கு உண்டு.
அது சுவரில் இழுத்த கோடு
தரையிலிருந்து இரண்டடி நான்கு அங்குலம்.
கோட்டுக்குக் கீழே கட்டில், மிக்சி, அரிசி மூட்டை,
மகனின் பத்தாம் வகுப்பு மார்க்‌ஷீட்.
மார்க்‌ஷீட்டுக்கு என்னிடம் விலை இல்லை.

பீரோ மட்டும் சுவரோடு ஒட்டி நின்றது.
வெள்ளம் புகுந்த வீட்டில்
பீரோவை நகர்த்திக் காயவிடுவார்கள்.
நகர்த்தச் சொன்னேன்.
பின்னால், நெஞ்சுயரத்துக்கு,
உப்புப் பூத்திருந்தது சுவர்.
நடுவில் கருப்புப் பொட்டுகளாய்ப் பூசணம்.
ஆறு இரண்டடி நான்கில் நின்றுவிட்டது.
உப்புப் பூக்க வருஷங்கள் வேண்டும்.

“பக்கத்து வீட்டு பாத்ரூமா?”
அவர் மறுக்கவில்லை.
“மூணு வருஷம் சார்.
கேட்டா, உங்க சுவருதான் உறிஞ்சுதுங்கறாங்க.”

பாலிசியின் பதினோராம் பக்கத்துக்கு
திடீரென்று வருவதுதான் தண்ணீர்.
மெல்லக் கசிவதற்கு அங்கே வேறு பெயர்:
பராமரிப்புக் குறைவு.
ஒரே ராத்திரியில் கெட்டால் இழப்பு,
தினம் கொஞ்சம் கெட்டால் நம் குற்றம்.

அவர் பரண்மேலிருந்து மஞ்சள் பையை இறக்கினார்.
வீட்டில் நனையாத ஒரே காகிதம்.
பென்சிலால் கோடிட்டிருந்தார்.
“தொட்டி, குழாய் வெடிச்சா உண்டுன்னு போட்டிருக்கு.
அன்னிக்கு ராத்திரி மாடிக் குழாயும் வெடிச்சுது.
சமையல்கட்டு மேக்கூரைய வந்து பாருங்க.”

மாடி ஏறினேன்.
முழங்கை வளைவில் விரல் நீளப் பிளவு.
விளிம்பு வெள்ளையாக இருந்தது;
பழைய உடைப்பில் பாசி ஏறியிருக்கும்.
சரி, இது புதுசு.
வடக்கே சேர்வராயன் மலை
துடைத்துவைத்த மாதிரி தெரிந்தது,
தனக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்ற முகத்தோடு.

ஆற்றுக்கு இவ்வளவு. குழாய்க்கு இவ்வளவு.
கட்டிலுக்குப் பதினாலு வயது,
தேய்மானம் போக ஆயிரத்து நூறு.
பூத்த சுவருக்கு நேரே
ஒரு சின்னக் கோடு.

கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு
நான்கு பக்கமும் படித்துவிட்டுத்தான்
கையெழுத்துப் போட்டார்.
“பீரோவ பழைய எடத்துக்கே தள்ளிடலாமா சார்?
வர்றவங்க கண்ணுல படும்.”

ஒரு பக்கம் நான் பிடித்தேன்.
நகர்ந்தபோது அடியில் எங்கோ
ஒரு சலங்கை சிணுங்கியது.
“இருபத்திநாலு” என்றார்,
குனிந்தபடியே.