பணியிட எண்

டர்பனில் மழை பிடித்து மூன்றாம் நாள்.
லிஃப்ட் ஓடவில்லை.
ஆயிரத்து நானூற்றுப் பன்னிரண்டு விண்ணப்பங்களை
அட்டைப்பெட்டிகளில் நாலாம் மாடிக்குச் சுமந்தோம்
ப்ரெனவனும் நானும்.
காலியிடம் இரண்டு:
போலீஸ் மேல் வரும் புகாரை விசாரிக்கும் எங்கள் அலுவலகத்துக்கு
புலனாய்வாளர் ஒருவர்,
பதிவேட்டு எழுத்தர் ஒருவர்.

என் வேலை எளிது.
கையெழுத்து இல்லாதது இடப்பக்கம்.
மெட்ரிக் சான்றிதழ் இல்லாதது அதன்மேல்.
கெடு தாண்டி வந்தது பெட்டியிலேயே கிடக்கட்டும்.
சட்டம் படித்துவிட்டு
பெட்ரோல் பம்பில் நாலு வருடமாக நிற்கிற பையன்.
ஃபீனிக்ஸிலிருந்து ஒரு முன்னாள் சிறைக் காவலர்.
நேர்மை என் ரத்தத்தில் ஓடுகிறது என்று எழுபத்தாறு பேர்,
ஒரே கடையில் தட்டச்சு செய்திருக்க வேண்டும்,
ஒரே எழுத்துப்பிழை.

மூன்று மணிக்குக் கைக்கு வந்தது அவளுடையது.
துலிசிலே ம்சோமி. உம்லாசி, வி பிரிவு.
நீல மை.
அழுத்தி எழுதியதில் தாளின் முதுகில்
எழுத்து விரலுக்குத் தட்டுப்பட்டது.
பணியிட எண் கேட்ட கட்டத்தில்
விளம்பரத்து எண் இல்லை.
அது ஒரு புகார் எண். எங்கள் எண்தான்.
சாய்கோடு, மாதம், சாய்கோடு, வருடம்.
எட்டு வருடத்துக்கு முந்தைய வருடம்.

அனுபவம்: எட்டு ஆண்டுகள்.
பணி செய்த இடம்: உங்கள் கீழ்த்தள வரவேற்பறை,
செவ்வாய்க்கிழமைகளில்.
பொறுப்புகள்: காத்திருத்தல்.
கோப்பு இப்போது எந்த மேசையில் என்று அறிந்துவைத்தல்.
மாறி மாறி வரும் அதிகாரிகளுக்கு
என் மகன் பெயரை உச்சரிக்கக் கற்றுத்தருதல்.
லாக்கப் பதிவேட்டையும் பிணவறைச் சீட்டையும்
பக்கத்தில் பக்கத்தில் வைத்து நேரம் சரிபார்த்தல்.
இருபத்திரண்டு நிமிடம் உதைக்கிறது.
தெரிந்த மொழிகள்: ஜூலு, ஆங்கிலம்,
உங்கள் கடிதங்கள் எழுதப்படுகிற மொழி.
விலகிய காரணம்: விலகவில்லை.

ப்ரெனவன் தோளுக்கு மேலாக எட்டிப் படித்தான்.
"நலன் முரண், அக்கா. விதி ஏழு.
புகார்தாரரை எடுக்க முடியாது."
அவன் சொன்னதில் தப்பில்லை.
அவன் தம்பி சாட்ஸ்வொர்த்தில் கான்ஸ்டபிள்.
அதற்கும் ஒரு விதி இருக்கிறது,
படிவத்தில் டிக் அடித்தால் போதும்.

பதினொரு வருடம் முன்
இதே கட்டங்களை நானும் நிரப்பினேன்.
ஏன் இந்த வேலை என்ற இடத்தில்
பொதுச்சேவையில் ஆர்வம் என்று எழுதினேன்.
மருத்துவக் காப்பீடு,
பிறந்த மாதத்தில் பதிமூன்றாவது சம்பளம்,
இதற்கெல்லாம் அங்கே கட்டம் இல்லை.
தேறினேன்.
செவ்வாய்க்கிழமைகளில் கீழே யார் உட்கார்ந்திருக்கிறார் என்று
பார்க்காமலே லிஃப்ட்டுக்குப் போகவும்
சீக்கிரமே தேறினேன்.

ஐந்து மணிக்கு எல்லாரும் போனபின்
ஆவண அறையில் அந்த எண்ணைத் தேடினேன்.
அட்டை இருந்தது. நாடா இருந்தது.
தாள் பதினேழு இருந்தது,
அடுத்தது இருபத்து நான்கு.
நடுவில் எடுத்துப்போனவர் பெயருக்கு நேரே
ஒரு கிறுக்கல்.
பெயர் தெளிவில்லை என்று
தணிக்கைக்காரர் பென்சிலில் குறித்திருந்தார்.
எனக்குத் தெளிவாக இருந்தது.
என் கையெழுத்து.

யார் கேட்டு எடுத்தேன்,
எந்த மேசையில் வைத்தேன்,
நினைவில்லை.
எவ்வளவு முயன்றும்
அன்று சாப்பாட்டுக்கு பன்னி சௌ வாங்கினோம் என்பதுதான் வருகிறது.

நிராகரிப்புப் பட்டியலில்
காரணம் என்று ஒரு பத்தி.
மற்ற எல்லாருக்கும் நிரப்பிவிட்டேன்.
அவள் பெயருக்கு நேரே பேனா நின்றது,
மை கசிந்து ஒரு புள்ளி பெருத்தது.

மறுநாள் செவ்வாய்.
லிஃப்ட்டைச் சரிசெய்திருந்தார்கள்.
நான் படியில் இறங்கினேன்.