இருப்புச் சரிபார்ப்பு

வியாழக்கிழமை ஆய்வுக்குழு வருகிறதாம்.
விலங்கியல் மியூசியத்தின் மூன்றாம் அலமாரியை
என்னிடம் விட்டிருக்கிறார்கள்.
வளைத்தசைப் புழுக்கள், நூற்றுப் பதினெட்டு ஜாடி.
வற்றியதில் ஃபார்மலின் ஊற்ற வேண்டும்,
அழிந்த பெயரை எழுத வேண்டும்,
இருக்கிறதா என்ற கட்டத்தில் டிக் போட வேண்டும்.

முதல் தட்டில் அட்டைகள்.
சிறுமலையில் கெண்டைக்காலிலிருந்து பிய்த்ததாம்.
கால் யாருடையது என்று குறிப்பில்லை.
ஒரு ஜாடியில்
அட்டை இருக்கிறது, அட்டை உதிர்ந்துவிட்டது.
சொன்னால் ஹெச்.ஓ.டி. சிரிப்பார் என்று நினைத்தேன்.
"பசை இல்லையா, முத்திருளாயி?" என்றார்.

அறுபத்திரண்டு, மண்டபத்துக் கடற்புழு.
உடம்பெல்லாம் துடுப்பு.
மதுரைக்கு வந்த நாளிலிருந்து
நீந்துவதை நிறுத்தி வைத்திருக்கிறது.

எழுபத்தொன்றில் வளையமே இல்லை.
பெரியாஸ்பத்திரியில் ஏதோ பிள்ளையின் வயிற்றிலிருந்து வந்த
உருளைப்புழு.
இத்தனை காலம் வேறு வீட்டுப் பந்தியில் உட்கார்ந்திருக்கிறது.
எழுப்பவில்லை. கணக்கு உதைக்கும்.

எண்பத்தாறு.
மண்புழு, மூன்று. சேகரித்தவர் சே. ஞானதிரவியம்.
இடம்: சாத்தனேரிக் கண்மாய், உள்வாய்.
நாள்: 1964, ஐப்பசி மழை விட்ட மறுநாள் காலை.
ஊதா மை. சாய்ந்த எழுத்து,
இன்னும் விழவில்லை.

சாத்தனேரிக் கண்மாய் உள்வாய் என்பது
இப்போது சாத்தனேரி நகர், ஆறு தெரு.
நான்காம் தெருவில் என் வாடகை வீடு.
பத்திரத்தில் மனை, பட்டாவில் மனை.
மழைக்கு மட்டும் பழைய பெயர்தான் தெரியும்.

போன ஐப்பசியில் பாத்ரூம் ஜாலி வழியே
ஒவ்வொன்றாக ஏறி வந்தன.
பக்கத்து போர்ஷன் ஜெபகனி உப்புப் பொட்டலத்தோடு நின்றாள்.
"நாக்குப்பூச்சிக்கா, கொட்டு, சுருண்டுரும்."
நான் பழைய காலண்டர் தாளில் அள்ளிக்கொண்டுபோய்
கார்ப்பரேஷன் தோண்டி மூடாத குழியில் விட்டேன்.
அன்றைக்கு ராத்திரி
என்னைப் பற்றி எனக்கே நல்ல அபிப்பிராயம்.

ஜாடியை ஜன்னலுக்கு நேரே தூக்கிப் பிடிக்கிறேன்.
மற்றதெல்லாம் வெளுத்துவிட்டது.
தலைக்குச் சற்றுக் கீழே
அதே தடித்த பட்டை.

வீட்டுக்காரர்கள் மேல்
குடியிருப்பவள் இரக்கப்பட்டிருக்கிறேன்.

டிக் போட்டேன்.
குறிப்பு என்ற கட்டம் காலியாக இருந்தது.
பென்சிலில் எழுதினேன்:
மேலும் உண்டு, நான்காம் தெரு.

பஸ்ஸில் என் பக்கத்து சீட்டுக்கு
ஆள் வரவில்லை, அவ்வளவு வாடை.
இறங்கும்போது தூறல்.
செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு
தெருவுக்குள் நடந்தேன்,
பார்த்துப் பார்த்து.