குப்பனூர் வழி

முப்பத்துமூன்று நாள் கணக்கு.
சனி, ஞாயிறு கழியும்.
செவ்வாய்தோறும் முதலில் மேல்மாடியில் சொட்டுமருந்து,
அப்புறம் கீழே, என்னிடம்.

என் அலமாரியில் பதினான்கு முகங்கள்.
வெந்நீரில் இளகி, ஆளின் மேல் இறுகிய
வெள்ளை வலைத்தகடுகள்.
மூக்கு இருக்கும், தாடை இருக்கும், கண் இருக்காது.
ஒன்பதாவதன் நெற்றியில்
சின்னப்பாப்பா, நாகலூர்.

வலக்கன்னத்தை உள்ளோடு எடுத்துவிட்டு
நெஞ்சுச் சதையைத் திருப்பித் தைத்திருந்தார்கள்.
ஆரஞ்சு நாற்றங்காலில் ஒட்டுக் கட்டியவள்.
முதல் நாளே கேட்டாள், சொல் பாதி ஒழுக:
"ஒட்டுதான் புடிச்சிருச்சுங்களே,
இன்னும் எதுக்கு வெயில் காட்டறீங்க?"

கத்தி கண்ணுக்குத் தெரிந்ததைத்தான் எடுக்கும் என்றேன்.
"அப்ப மேல ஏத்தறது மருந்தடிக்கற மாதிரியா?"
ஆமாம்.
"பூச்சிக்கா, செடிக்கா?"
நான் மேசையின் உயரத்தைச் சரிசெய்தேன்.

பதினெட்டு முடிந்த இரவு மழை.
மலைப்பாதையில் பாறை சரிந்து பஸ் இல்லை.
போன் அணைந்து கிடந்தது.
விட்ட நாளைக் கடைசியில் சேர்க்கலாம்;
இடைவெளியில் அது சும்மா இருக்காது என்பதை
நான் அவளிடம் சொன்னதே இல்லை.
சொல்லியிருக்க வேண்டும்.
இரண்டு நாள்
ஒன்பதாவது முகத்தைப் பார்க்காமல்
பத்தாவதை எடுத்தேன்.

மூன்றாம் நாள், இயந்திரத்தை அணைக்கும் நேரத்தில்
சௌசௌ மூட்டைகளோடு ஒரு வண்டியில் வந்து இறங்கினாள்,
குப்பனூர் வழியாக.
மூக்கில் குழாய். கருகிய கழுத்தில் ஈரத்துணி.
மகன் செங்கோடன் கையில்
கஞ்சி பாட்டிலும் பெரிய சிரிஞ்சும்.
"வளைவுல வளைவுல நிறுத்தித்தான் குடுத்தேன் மேடம்."

படுக்கவைத்து மாட்டினேன்.
தகட்டுக்கும் கன்னத்துக்கும் நடுவே
என் விரல் போனது.
நாலு கிலோ இறங்கியிருந்தாள்.
இந்த முகம் இனி அவளுடையதில்லை;
குறி தப்பும்.

வெந்நீர் போட்டேன்.
புதுத் தகடு இளகி அவள் மேல் இறங்க,
ஆறும் வரை இரு கையாலும் அழுத்திப் பிடித்திருந்தேன்.
உள்ளே மூச்சு வந்து வந்து உள்ளங்கையில் பட்டது.

எழுந்தவள் பழையதைக் காட்டினாள்.
வாயெல்லாம் புண்; பேச்சு இல்லை.
விரலைக் குவித்து எதையோ மூடினாள்,
தரையைக் கொத்திக் காட்டினாள்.
மகன்தான் சொன்னான்:
"நாத்து மேல கவுத்துக்கலாமாம்.
கோழி கொத்தாதாம்."

கொடுக்கக் கூடாது என்பது விதி.
பெயர்த் தாளை மட்டும் உரித்துக்கொண்டேன்.

மறுபடி ஸ்கேன், மறுபடி கணக்கு.
வெள்ளிக்கிழமைதான் பத்தொன்பது.