காணும்

வியாழன் இரவு, ஓல்டனில்
கடைசி ரயில் ஆற்றைக் கடக்கிற சத்தத்தில்
பிரிட்ஜைத் திறக்கிறேன்.
தயிருக்கும் கறிவேப்பிலைக்கும் நடுவே
நீலப் பேனை. எழுதாது.
வயிற்று மடிப்பொன்றைப் பிடித்து
ஆறு எண்ணும்வரை அழுத்தவேண்டும்.

சாப்பிட்டதும் குடல் சுரக்கிற ஹோர்மோன்
மூளைக்குச் சேதி கொண்டுபோகுமாம்.
இந்த மருந்தும் அதன் குரலில்தான் கதைக்கும்,
ஆனால் கிழமை முழுக்க,
என்றா மருந்துக்கடை ஃபிராவ் சும்புறுன்.
என்ன சேதி, என்றேன்.
"கெனுக்."

காணும்.

முதல் மாதம் குமட்டல்.
பஸ்ஸில் யாரோ பிரித்த பாண் வாசத்துக்கே
இடையில் இறங்கி நடந்தேன்.

பிறகு தர்சிகாவின் மண்டப விருந்து.
மச்சாள் கரண்டியோடு வந்தா.
இருபது வருஷம் தட்டைக் கையால் மூடி
மரியாதைக்குச் சொல்லிவிட்டு
விரல்களை மெல்ல விலக்கிய அதே சொல்.
"காணும் மச்சாள்."
உண்மை என்று அவவுக்கு எப்படித் தெரியும்?
போட்டுவிட்டுப் போனா.

மருந்தை விட்டால் பசி திரும்பக்கூடும் என்றும்
சும்புறுன் சொன்னவ.
வரட்டும். வீடு தெரிந்த ஆள்தானே.

ஆறின சோற்றைக் கொஞ்சநேரம் பார்த்திருந்தேன்.
பிறகு எழும்பிப்போய்
மூடியுள்ள டப்பா ஒன்று கேட்டேன்.