இடக்கை

கடைக்காரர் ஷிஹாப் இரண்டையும் மேசையில் வைத்தார்.
ஒன்று சோப்புப்பெட்டி அளவு,
இரண்டே ட்ராக், நாற்பத்தைந்து தினார்.
மற்றது மீன் தட்டு அகலம்,
பன்னிரண்டு ஃபேடர், இருநூற்று முப்பது.
"லேப்டாப்பே வேண்டாம்.
கார்டைச் செருகு, சிவப்பை அழுத்து.
ஆளுக்கொரு ட்ராக், தனித்தனியா நிக்கும்."

தனித்தனியா என்றபோது
என் உள்ளங்கை வேர்த்தது,
ஏசி பதினெட்டில் ஓடியும்.

போன ஆகஸ்டில்
ஹூரா ஓட்டல் மொட்டைமாடியில்
மூன்றாம் பாட்டு நடுவே
லேப்டாப் சூடேறிச் செத்தது.
கசாலி அன்று பாடியதுபோல்
இனி பாடமாட்டான் என்கிறோம்.
கேட்டுச் சரிபார்க்க வழியில்லாததால்
அந்தப் பாட்டு
இன்னும் நன்றாகிக்கொண்டே போகிறது.

காரில் நான்தான் வாதாடினேன்.
தலைக்கு நாற்பத்தாறு, ரெக்ஸ்லின்,
உனக்குச் சம்பளம் வந்து இரண்டு மாசம்.
டிரம்ஸுக்கு நாலு, எனக்கு ஒன்று,
தெய்வச்சிலை கிட்டாருக்கு ஒன்று,
கீபோர்டுக்கு இரண்டு, கசாலிக்கு ஒன்று,
கைதட்டுக்கு இரண்டு வைத்தாலும்
பன்னிரண்டாவது சும்மா கிடக்கும்.
"அது நம்ம கடனுக்கு" என்றான் ரெக்ஸ்லின்.

சொல்லாத காரணம் இது.
நான் லிஃப்ட் மெக்கானிக்.
விசா முடிந்து போன ஒருத்தன்
பேஸ் கிட்டாரை மலிவாக விற்றதால்
பேஸ் வாசிக்கிறவன்.
இரண்டாம் சரணத்தில் கார்டு மாறும் இடத்தில்
சுண்டுவிரலால் வால்யூமைச் சுழித்துவிட்டுத்
தலையை மட்டும் ஆட்டுவேன்.
ஆறு வருஷம்.
ஐந்து பேர் கிளப்பும் இரைச்சலில்
ஒருத்தன் இல்லாமலிருக்க வசதி உண்டு.

பின்சீட்டில் ஜெசிந்தா,
நைட் டூட்டி முடித்த கண்ணோடு,
"பெரிசையே வாங்குங்க" என்றாள்.
வேறெதுவும் சொல்லவில்லை.
வாங்கினோம்.

குதைபியா ஹாலில் வெள்ளிக்கிழமை.
கரண்டு வேலை தெரிந்தவன் என்று
பொறுப்பு என் தலையில்.
ஒட்டுத்தாளில் பெயர் எழுதி
ஃபேடருக்கு அடியில் ஒட்டினேன்.
ஐந்தாம் சேனலுக்கு என் பெயர்.
கையெழுத்து அங்கே மட்டும் கொஞ்சம் சின்னது.

இரவு ஒன்றரைக்கு
கட்டிலில், ஹெட்போனில்,
ஐந்தைத் தனியாக்கினேன்.
முதல் சரணம் வரை ஒரு மனுஷன் இருந்தான்.
பிறகு வயரின் உறுமல் மட்டும்,
ஆள் இறங்கிப்போன லிஃப்ட்
கதவு திறந்தபடி நிற்பதுபோல.
முப்பத்தெட்டு நொடி. எண்ணினேன்.

விட்ட இடத்தில் மட்டும்
மறுபடி வாசித்து ஒட்டவைக்க
இந்த மெஷினிலேயே பொத்தான் உண்டு.
பஞ்ச்-இன் என்று ஷிஹாப் காட்டித் தந்திருந்தார்.
கிட்டாரைத் துழாவும்போது
விரல் பட்டு ஏழு திறந்துகொண்டது.

ஜெசிந்தா.
வலக்கை மேலே, வழக்கம்போல.
நான் காணாமல்போன அதே நொடியில்
இடக்கை கீழே இறங்குகிறது.
அடிக்கு அடி,
நான் வைக்கவேண்டிய சுரத்தை
ஒவ்வொன்றாக வைத்துக்கொண்டே போகிறது.
நான் திரும்பியதும் எழுந்துகொள்கிறது,
பஸ்ஸில் துண்டு போட்டு
இடம் பிடித்துவைத்தவர்போல.

அடுத்த பாட்டைப் போட்டேன். அங்கேயும்.
அதற்கடுத்ததிலும்.

மேல்கட்டிலில் யாரோ புரண்டார்கள்.
கிட்டாரை உறைக்குள்ளேயே விட்டேன்.
ஐந்தைத் தொடாமல்
ஏழை ஒரு நூல் ஏற்றினேன்.

காலையில் ரெக்ஸ்லின் மெசேஜ்:
"பேஸ் நல்லா வந்திருக்குடா."
கூட ஒரு சிரிப்புப் பொம்மை.

அவனுக்கும் தெரியுமோ என்னவோ.
டிரம்ஸ் மைக் நான்கையும்
நான் இன்னும் தனியாகக் கேட்கவில்லை.