எண்பத்திரண்டு புள்ளி எட்டு

முதலில் பிஸ்டன், அப்புறம்தான் துளை
என்றான் ஜும்பெர்.
நீ வாங்கி வா, அளந்து பார்த்து
அதற்கேற்பக் குடைகிறேன்.
செருப்புக்காகக் காலைத் தறிப்பதா என்றேன்.
இந்த வேலையில் அதுதான் முறை என்றான்,
விரல் கரியை என் வெள்ளைக் கோட்டில் துடைத்தபடி.

மூன்றாவது சிலிண்டரில் ஒரு கீறல்.
நகத்தைக் குறுக்கே ஓட்டினால் தடுக்கும்.
மற்ற மூன்றும் கண்ணாடி.
ஒன்றின் நோய்க்கு நாலுக்கும் கத்தி
என்று மாட்டு வைத்தியரிடம் சொல்லலாமா?
சொல்லலாம்.
ஒரு பன்றிக்குக் காய்ச்சல் என்று
ஓர் ஊர்ப் பன்றிகளையே குழியில் இறக்கியவள் நான்.

திபிலிசி, எலியாவா சந்தை.
தகரக் கூரையில் மே மாதத்து மழை.
பிக்ரியாவின் கடைக்குள்
பெட்டிமேல் பெட்டி, அதன்மேல் பூனை.

நிவாவா? என்ன அளவு?
அதுதான் தெரியவில்லை என்றேன்.
எண்பத்திரண்டு, பிறந்த அளவு.
புள்ளி நான்கு, முதல் திருத்தம்.
புள்ளி எட்டு, கடைசி.
அப்புறம்?
அப்புறம் ஸ்லீவ் அடிக்கலாம்.
அந்தக் காசுக்குக் கழுதை வாங்கலாம்,
அதுவும் மலை ஏறும்.

புள்ளி நான்கில் கீறலின் நிழல் நிற்கலாம்
என்று ஜும்பெர் சொல்லியிருந்தான்.
நின்றால் எண்ணெய் குடிக்கும், ஆனால் ஓடும்,
இன்னொரு தடவை குடைய இடமும் இருக்கும்.
புள்ளி எட்டில் கீறல் போய்விடும்,
அந்த இடமும்.
பல் வைத்தியரும் இப்படித்தான்,
சொத்தை போகும்வரை குடைந்துவிட்டு
மிச்சம் கொஞ்சம்தான் என்பார்.

அடித்துச் செய்ததா, வார்த்ததா? என்றாள் பிக்ரியா.
அடித்தது உறுதி. உடையாது.
குளிரில் மட்டும் டொக் டொக்கென்று தட்டும்,
சூடேறினால் அடங்கிவிடும்.
அப்படி ஒருவரோடு பதினோரு வருடம் இருந்தாயிற்று,
வார்த்ததையே காட்டு என்றேன்.
சிரிக்கவில்லை. அவளுக்கும் இருந்திருக்கும்.

புள்ளி நான்கு பெட்டியைப் பிரித்து
மின்தராசில் ஒவ்வொன்றாக உட்கார வைத்தாள்.
முந்நூற்று நாற்பத்தேழு.
நாற்பத்தேழு.
நாற்பத்தெட்டு.
ஐம்பத்து மூன்று.
நாலாவதை ஓரமாகத் தள்ளினாள்:
இது வேறு வீட்டுப் பிள்ளை.
உள்பக்கம் அரத்தால் தேய்த்துச் சமன் செய்யலாம்,
செய்யட்டுமா?

பூனை இறங்கி வந்து
அந்த ஐந்தாறு கிராம் மிகையை முகர்ந்தது.

நான் கணக்குப் போட்டேன்.
ஓய்வுக்கு இன்னும் இரண்டு கோடை.
அபானோ கணவாய் திறந்தால் ஏறுவேன்,
பனி விழுமுன் இறங்குவேன்,
ஏறி இறங்கினால் ஒன்று, மறுபடி ஏறி இறங்கினால் இரண்டு.
அதற்குமேல் ஒரு குடைச்சலை மிச்சம் பிடித்து
யார் பேருக்கு எழுதி வைக்க?

கடைசி அளவைக் கொடு.

அவள் என்னை ஒரு முறை பார்த்தாள்.
பிறகு தராசைத் துடைத்தாள்.
நாலும் ஒரே எடை, ஒரே எழுத்து.
மண்டையில் ஆளுக்கொரு அம்பு.
அம்பு முன்னால் பார்க்கணும், சொல்லிவிடு என்றாள்.
ஜும்பெருக்குத் தெரியும்.
தெரிந்தவன்தான் திருப்பிப் போடுவான்.

ஜூன் முதல் வாரம்.
ஆயிரம் கிலோமீட்டர் வரை மிதிக்காதே என்று உத்தரவு.
அல்வானி தாண்டியதுமே
சாலை முழுக்க ஆடு.
போன மாதம் நான் ஊசி போட்ட ஆடுகள்,
ஒன்றுக்கும் என் முகம் நினைவில்லை.
இரண்டாவது கியரில் அவற்றின் பின்னால் போகிறேன்,
மிதிக்காமல், உத்தரவுப்படி.

தோர்க்வா கோலால் பானட்டைத் தட்டினான்.
என்ன டாக்டர், வண்டி செத்துவிட்டதா?
சத்தத்தையே காணோம்.
ஓடிக்கொண்டுதான் இருக்கிறது என்றேன்.
நம்பாமல் காதை வைத்துக் கேட்டான்,
நான் கன்றின் வயிற்றில் வைப்பதுபோல.
ஆடுகள் அதற்குள்
வளைவைக் கடந்து போயிருந்தன.